முதல் முறை எஃப்ஆர்சி போட்டிக்குப் போகும் அணிக்கு: நியாயமாக ஆடி வெல்ல ஒரு வழிகாட்டி

ஒவ்வொரு செப்டெம்பரிலும் எங்கள் பள்ளி ரோபோ அணிக்குப் புதிய பிள்ளைகள் வருவார்கள். அவர்களோடு வரும் அம்மா அப்பாக்களில் யாராவது ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்பார்: “உந்தப் பெரிய பள்ளிக்கூடங்களிட்ட காசும் மெஷினும் இருக்கு, எஞ்சினியர்மாரும் நிக்கினம். எங்கட பிள்ளையள் அவையோட நிண்டு பிடிக்குமோ? உது நியாயமான போட்டியோ?”

நான் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளி அணியில் சில வருடங்களாக வழிகாட்டியாக இருக்கிறேன். இந்தக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும் என்று நினைப்பவன். தொடங்கும் இடத்தில் எல்லா அணிகளும் சமமில்லை. சில அணிகளுக்குப் பின்னால் பெரிய நிறுவனங்கள் நிற்கின்றன. சில அணிகளிடம் ஒரு துளை போடும் மெஷினும் ஒரு கணித ஆசிரியரும்தான் உண்டு. அப்படியிருந்தும் இந்தப் போட்டியை நான் நம்புகிறேன். வெல்ல வேண்டும் என்ற வெறியோடு ஒரு பிள்ளை உழைப்பதையும், அதே பிள்ளை எதிரணியின் அறுந்த வயரை ஒட்டிக்கொடுப்பதையும் ஒரே நாளில் பார்க்கக்கூடிய வேறு இடம் எனக்குத் தெரியாது.

புதிதாக வரும் அணியும் பெற்றோரும் என்ன செய்யவேண்டும் என்பதை, வேலைகள் வரும் வரிசையிலேயே சொல்கிறேன்.

1. ஆட்டத்தின் வடிவத்தை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

எஃப்ஆர்சி என்றால் ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் கொம்பட்டிஷன். டீன் கேமன் 1989இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பு, 1992இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளை வைத்து முதல் போட்டியை நடத்தியது. இன்று 9 முதல் 12ஆம் வகுப்பு வரையான பிள்ளைகள் ஆயிரக்கணக்கான அணிகளில் ஆடுகிறார்கள். ஒன்ராறியோவில் 2017 முதல் மாவட்ட முறை நடக்கிறது: ஒவ்வொரு அணியும் இரண்டு மாவட்டப் போட்டிகளில் ஆடிப் புள்ளி சேர்க்கும். புள்ளி போதுமானால் மாகாணச் சாம்பியன்ஷிப், அதற்கும் மேலே ஹூஸ்டனில் நடக்கும் உலகச் சாம்பியன்ஷிப்.

ஜனவரி தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, அந்த ஆண்டின் ஆட்டம் உலகம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் வெளியாகும். அதைக் கிக்ஆஃப் என்பார்கள். அந்த மணிவரை எந்த அணிக்கும் ஆட்டம் தெரியாது. பழைய அணிக்கும் புதிய அணிக்கும் முழுச் சமமாகக் கிடைப்பது அந்த ஒரு மணிதான்.

ஆட்டம் மூன்று ரோபோக்களுக்கு எதிராக மூன்று. அந்த மூவரையும் ஒரு கூட்டணி என்பார்கள். ஒரு ஆட்டம் சுமார் இரண்டரை நிமிடம். முதல் சில நொடிகள் ரோபோ தானாக ஓடவேண்டும், பிறகு பிள்ளைகள் ஓட்டுவார்கள். தகுதிச் சுற்றில் யாரோடு ஆடுவது, யாரை எதிர்ப்பது என்பதைக் கணினி அட்டவணை முடிவு செய்யும். மாவட்டப் போட்டியில் ஒவ்வொரு அணிக்கும் 12 தகுதி ஆட்டங்கள். காலை பத்து மணிக்கு உங்களைத் தோற்கடித்த அணி, பதினொன்றரைக்கு உங்கள் பக்கத்தில் நிற்கும்.

புதிய பெற்றோர் விளங்கிக்கொள்ளத் திணறுவது இதைத்தான். எதிரணியின் ரோபோ பழுதானால் நமக்கு நல்லதுதானே என்று தோன்றும். அடுத்த ஆட்டத்தில் அதே பழுதான ரோபோ நம் கூட்டணியில் வந்து நின்றால் என்ன செய்வது? இந்த அமைப்பில் உதவி செய்வது பெருந்தன்மை மட்டுமல்ல, கணக்குப்படியும் சரி. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த வூடி ஃபிளவர்ஸ் இந்தப் பண்புக்குக் ‘கிரேஷியஸ் புரொஃபெஷனலிசம்’ என்ற சொல்லைப் பரப்பினார். கடுமையாகப் போட்டியிடு, எதிரே நிற்பவரை மதித்து நட என்பது அதன் பொருள். அவர் 2019இல் மறைந்தார். போட்டி மண்டபங்களில் அந்தச் சொல் இன்றும் ஒவ்வொரு நாளும் காதில் விழுகிறது.

2. விதிக்கையேட்டில் தரவரிசைப் பகுதியை முதலில் படியுங்கள்

கிக்ஆஃப் முடிந்ததும் எல்லாரும் ரோபோவை வரையத் தொடங்குவார்கள். பொறுங்கள். கையேட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஒவ்வொருவரும் தன் பகுதியை மற்றவர்களுக்கு விளக்கவேண்டும். அதிலும் முதலில் படிக்கவேண்டியது, தரவரிசைப் புள்ளி எப்படிக் கிடைக்கிறது என்ற பகுதி. நியாயமான ஆட்டம் எது என்பதை அந்தக் கணக்கு பெருமளவு தீர்மானித்துவிடுகிறது.

இதற்கு நல்ல உதாரணம் 2010ஆம் ஆண்டு ஆட்டம். வெற்றிக்கு மட்டும் மதிப்புக் கொடுக்காமல், நெருக்கமான ஆட்டத்துக்கு மதிப்புக் கொடுக்க அமைப்பாளர்கள் நினைத்தார்கள். வென்ற கூட்டணிக்குத் தன் புள்ளியோடு தோற்ற கூட்டணியின் புள்ளியும் இரட்டிப்பாகச் சேரும். தோற்ற கூட்டணிக்கு வென்றவர் எடுத்த புள்ளி கிடைக்கும். எதிரியை நசுக்காதே என்பதுதான் நோக்கம். ஆனால் சில அணிகள் கணக்குப் போட்டுப் பார்த்தன. தோற்கப்போவது உறுதி என்றால், எதிர்த்து ஆடுவதைவிட எதிரிக்கே புள்ளி எடுத்துக் கொடுப்பது லாபம். ஆறு ரோபோவும் ஒரே பக்கத்துக்கு ஆடும் ஆட்டங்கள் நடந்தன. ‘ஆறுக்குப் பூச்சியம்’ என்று அதைச் சொன்னார்கள். அந்த அணிகள் ஏமாற்றினவா, கெட்டிக்காரத்தனமாக ஆடினவா என்று இன்றும் வாதம் நடக்கும். என் கருத்தைக் கேட்டால், விதி திறந்து வைத்த வாசலால் போன பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். நெருக்கமான ஆட்டம் வேண்டும் என்ற நல்ல நோக்கம் கணக்கில் பிழைத்துவிட்டது.

பின்னர் வந்த ஆட்டங்களில் ஒத்துழைப்புக்கு இடம் கொடுக்கும் முறை தேறியது. 2012இல் நடுவில் ஒரு பாலம். இரண்டு கூட்டணியிலிருந்தும் ஒவ்வொரு ரோபோ சேர்ந்து அதில் சமநிலையாக நின்றால், இரு பக்கத்துக்கும் வெற்றிக்கு இணையான புள்ளி. 2023, 2024, 2025 ஆட்டங்களில் இரு கூட்டணியும் ஒரு சிறிய வேலையைத் தத்தம் பக்கத்தில் செய்தால், கூடுதல் தரவரிசைப் புள்ளிக்கான தேவை இருவருக்கும் குறையும் என்று விதி இருந்தது. உதாரணமாக 2024இல் ஒரு கூட்டணி 18 வளையம் போடவேண்டியிருந்த இடத்தில் 15 போதுமாக இருந்தது. ஆட்டத்தில் யார் வெல்வது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வெற்றிக்காக முட்டி மோதலாம், அந்தக் கூடுதல் புள்ளியை இருவருமே எடுக்கலாம். இப்படி விதி இருக்கும் ஆண்டில், ஆட்டத்துக்கு முன் எதிர்க்கூட்டணியிடம் போய் “நீங்கள் அதைச் செய்வீர்களா, நாங்களும் செய்கிறோம்” என்று கேட்க ஒரு பிள்ளையை அனுப்புங்கள். வெட்கப்படத் தேவையில்லை, எல்லா அணியும் இதைச் செய்யும்.

இதற்கும் கூட்டுச் சதிக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு அன்றே சொல்லிவிடுங்கள். வேண்டுமென்றே தோற்பது, தரவரிசையைக் கோணலாக்கப் புள்ளியை விட்டுக்கொடுப்பது, வேறு கூட்டணியிடம் திறமைக்குக் குறைவாக ஆடச் சொல்வது, அப்படிச் சொன்னால் கேட்பது, எல்லாமே கையேட்டில் தடை. தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டங்களில்தான் இந்த ஆசை வரும். “நாங்கள் எப்படியும் ஒன்பதாவது. நீங்கள் இந்த ஆட்டத்தை விட்டால் நம் நண்பர் அணி முதலிடம்” என்று யாராவது சொல்லக்கூடும். பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் யோசித்துப் பதில் சொல்வது கடினம். பதிலை ஜனவரியிலேயே கையில் கொடுத்துவிடுங்கள்: “மன்னிக்கவும், எங்கள் அணி எல்லா ஆட்டத்தையும் வெல்லத்தான் ஆடும்.”

3. உங்களால் முடிந்த ரோபோவைச் செய்யுங்கள்

இப்போது அந்தப் பெற்றோரின் கேள்விக்கு வருவோம். பதிவுக் கட்டணமே ஆறாயிரம் அமெரிக்க டொலரை ஒட்டி வரும். அதன்மேல் மோட்டார், கணினிப் பலகை, அலுமினியம், பயணம். பணமுள்ள அணிக்கு இங்கே அனுகூலம் உண்டு, அதை மறைக்க முடியாது.

விதிகள் அந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கின்றன. தனியொரு பாகத்தின் விலைக்கு உச்சவரம்பு உண்டு. 2025 கையேட்டில் அது 600 டொலர். எடைக்கும் வரம்பு உண்டு, அதே ஆண்டில் 115 இறாத்தல். கிக்ஆஃபுக்கு முன் எழுதிய மென்பொருளையோ வரைந்த வடிவமைப்பையோ பயன்படுத்த விரும்பினால், அதைக் கிக்ஆஃபுக்கு முன்பே பொதுவில் வெளியிட்டிருக்க வேண்டும். கடைசி விதி புதிய அணிக்குப் பொற்காசு. பலமான அணிகள் தங்கள் நிரலைப் பொதுவில் வைக்க அதுவும் ஒரு காரணம். எடுத்துப் படியுங்கள், பயன்படுத்துங்கள். எங்கிருந்து எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.

நியாயத்துக்காக வைத்த விதி எதிர்மாறாக வேலை செய்ததும் உண்டு. 2019 வரை, ஒரு குறிப்பிட்ட நாளோடு ரோபோவை பையில் போட்டு முத்திரை வைத்துவிட வேண்டும். எல்லாருக்கும் ஒரே கால அளவு என்பதுதான் எண்ணம். பணமுள்ள அணிகள் என்ன செய்தன? அச்சில் வார்த்தாற்போல் இரண்டாவது ரோபோ ஒன்றைச் செய்து, அதில் பயிற்சியைத் தொடர்ந்தன. ஒரே ரோபோ செய்யத் திக்குமுக்காடிய அணி பையைப் பார்த்துக்கொண்டு இருந்தது. 2020 பருவத்திலிருந்து அந்த விதியை எடுத்துவிட்டார்கள். எங்களைப் போன்ற அணிகளுக்கு அதில் கிடைத்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

முதல் ஆண்டு அணிக்கு என் அறிவுரை எளிது. நம்பிக்கையாக ஓடும் அடித்தளம் ஒன்று, அதன்மேல் ஒரே ஒரு வேலையைத் தவறாமல் செய்யும் பொறி ஒன்று. ஹூஸ்டன் பக்கத்து 118ஆம் எண் அணி, ரோபோநாட்ஸ், ‘எவ்ரிபாட்’ என்ற பெயரில் ஒவ்வொரு பருவத்திலும் செலவு குறைந்த, சாதாரணக் கருவிகளால் செய்யக்கூடிய முழு ரோபோ வடிவமைப்பை இலவசமாக வெளியிடுகிறது. உலகின் வலிமையான அணிகளில் ஒன்று, தன்னை எதிர்த்து ஆடப்போகும் அணிகளுக்கு ரோபோ செய்யக் கற்றுக்கொடுக்கிறது. அதைச் செய்தால் ‘பார்த்து எழுதினது’ என்று சொல்வார்களோ என்று பிள்ளைகள் தயங்குவார்கள். தயங்க வேண்டாம். அது அப்படிப் பயன்படத்தான் வெளியிடப்படுகிறது. பெப்ரவரி நடுப்பகுதியில் ரோபோ ஓடத் தொடங்கிவிட்டால் இரண்டு வாரம் ஓட்டிப் பழகலாம். நன்றாக ஓட்டத் தெரிந்த பிள்ளையின் கையில் எளிய ரோபோ, நேற்றிரவு முடித்த நுட்பமான ரோபோவை அடிக்கடி வெல்லும். நான் பலமுறை கண்ணால் பார்த்தது.

4. ஸ்பானர் யார் கையில்?

இதுதான் எனக்கு நெஞ்சோடு ஒட்டிய பகுதி. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

வெவ்வேறு போட்டிகளில் இதற்கு வெவ்வேறு விதி. வெக்ஸ் என்ற இன்னொரு ரோபோ போட்டியில், ரோபோவை வடிவமைப்பதும் கட்டுவதும் நிரல் எழுதுவதும் மாணவர் வேலை என்று கண்டிப்பான கொள்கை உண்டு. சிறிய பிள்ளைகளுக்கான ஃபர்ஸ்ட் லெகோ லீக்கிலும் வேலை பிள்ளைகளுடையதுதான். எஃப்ஆர்சியில் அப்படி ஒரு தடை இல்லை. பொறியியலாளரும் மாணவரும் தோளோடு தோள் நின்று வேலை செய்து, பிள்ளைகள் தொழிலை நேரில் பார்க்கவேண்டும் என்பதே அதன் தொடக்கக் கனவு. அதனால் ஒரு அணியில் பெரியவர் அதிகம் செய்கிறார் என்று பார்வையாளர் இருக்கையிலிருந்து முணுமுணுப்பதில் பயனில்லை. விதியை அவர்கள் மீறவில்லை. அந்த அணிப் பிள்ளைகள் எவ்வளவு கற்கிறார்கள் என்பது உங்களுக்கு அங்கிருந்து தெரியவும் தெரியாது. உங்கள் அணியைப் பாருங்கள்.

முதல் ஆண்டில் நானே இதில் பிழைவிட்டேன். போட்டிக்கு முதல் நாள் இரவு, தூக்கும் கையின் சங்கிலி நழுவிக்கொண்டே இருந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அதைச் சரிசெய்ய முயன்றுகொண்டிருந்தாள். நேரம் போகிறது என்று நான் அவள் கையிலிருந்த ஸ்பானரை வாங்கிப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்த நாள் மூன்றாவது ஆட்டத்துக்குப் பிறகு அதே சங்கிலி மறுபடி நழுவியது. நான் அப்போது பக்கத்தில் இல்லை. அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நாங்கள் ஒரு ஆட்டத்தைத் தவறவிட்டோம். அன்று மாலை அவள் என்னிடம் சொன்னது: “அங்கிள், நேற்று நீங்க எனக்குச் சொல்லித் தந்திருந்தா இண்டைக்கு நான் செய்திருப்பன்.” கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் காதில் நிற்கிறது.

அதற்குப் பிறகு எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் வைத்தோம். ஒரு வேலையைப் பெரியவர் செய்து காட்டலாம், ஆனால் செய்து காட்டிய பிறகு அதைக் கழற்றிவிட வேண்டும். பிள்ளை அதை மறுபடி பூட்ட வேண்டும். நேரம் இரட்டிப்பாகும். அதைக் கணக்கில் வைத்தே ரோபோவை எளிமையாக வடிவமைக்கிறோம்.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. போட்டியில் விருதுகளுக்கான மதிப்பீட்டாளர்கள் உங்கள் ‘பிட்’டுக்கு, அதாவது பத்துக்குப் பத்து அடி வேலையிடத்துக்கு, வந்து பிள்ளைகளிடம் கேள்வி கேட்பார்கள். “ஏன் இந்தப் பற்சக்கர விகிதம்?” என்று கேட்டால், பிள்ளை உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா? பார்த்தால் அந்தப் பாகம் உங்களுடையது. பருவத்தின் நடுவிலேயே இந்தக் கேள்விகளை நீங்களே கேட்டுப் பாருங்கள்.

அணிக்குள்ளே இன்னொரு நியாயமும் உண்டு. பலர் அதைப் பற்றிப் பேசுவதில்லை. சத்தமாகப் பேசும் இரண்டு மூன்று பையன்கள் ரோபோவைச் சுற்றி நிற்பார்கள். பெண்பிள்ளைகளும், புதிதாக இந்த நாட்டுக்கு வந்து ஆங்கிலம் பேசக் கூச்சப்படும் பிள்ளைகளும், சுவரொட்டி செய்யவும் பதாகை பிடிக்கவும் போய்விடுவார்கள். அவர்களாக விரும்பிப் போனதாகத் தோன்றும். கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அப்படி இருக்காது. வெட்டும் மெஷினில் முதல் மாதம் எல்லாரும் முறைவைத்துப் பழகவேண்டும் என்று பட்டியல் போடுங்கள். ஓட்டுநரைத் தெரிவு செய்யும்போது ‘சீனியர்’ என்றோ, நன்கொடை தந்தவரின் மகன் என்றோ பார்க்காதீர்கள். தரையில் கூம்புகளை வைத்து, ஒரே பாதை, ஒரே நேர அளவு, விதிக்கையேட்டிலிருந்து பத்துக் கேள்வி, எல்லாருக்கும் ஒன்று. முடிவைச் சுவரில் ஒட்டுங்கள். தன் பிள்ளை தெரிவாகவில்லை என்று என்னிடம் மனவருத்தப்பட்ட பெற்றோருக்கு நான் காட்ட ஒரு தாள் இருந்தது. அந்தத் தாள் இல்லாமல் நான் அந்த உரையாடலுக்குப் போயிருக்க மாட்டேன்.

5. போட்டிக்குப் போகும் காலை

முதலில் பரிசோதனை. எடை, அளவு, பம்பர் (ரோபோவைச் சுற்றிக் கட்டும் துணி போர்த்த மெத்தை), வயர் தடிப்பு, எல்லாவற்றையும் பட்டியல் வைத்துப் பார்ப்பார்கள். பரிசோதனையில் தேறாத ரோபோ ஆட முடியாது. பரிசோதகர் உங்கள் எதிரி அல்ல, உங்களை ஆடவைக்கத்தான் அவர் இருக்கிறார். ஏதாவது விதிக்குப் பொருந்தவில்லை என்று தெரிந்தால் மறைக்காமல் நீங்களே சொல்லுங்கள். எப்படிச் சரிசெய்வது என்று அவரே சொல்லித் தருவார். பரிசோதனைக்குப் பிறகு ரோபோவில் பெரிய மாற்றம் செய்தால் மறுபடி காட்டவேண்டும். புதிய அணிகள் இதை மறந்துவிடும்.

பாகம் ஏதாவது இல்லையென்றால் பிட் நிர்வாக மேசையில் சொல்லுங்கள். ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். பத்து நிமிடத்தில் யாராவது கொண்டுவந்து நிற்பார்கள். வாங்கியதை ஒரு தாளில் எழுதிவையுங்கள், எந்த அணி, என்ன பாகம் என்று. உங்களிடம் மேலதிகமாக இருப்பதையும் ஒரு பெட்டியில் எடுத்துப் போங்கள். கொடுக்க எதுவும் இல்லாத அணி என்று எதுவும் இல்லை. முதல் ஆண்டில் எங்களிடம் அதிகமாக இருந்தது கேபிள் கட்டும் பட்டியும் இரண்டு ஓய்ந்த கைகளும்தான். பக்கத்து அணியின் பம்பர் துணி கிழிந்தபோது எங்கள் பிள்ளைகள் போய்த் தைத்துக் கொடுத்தார்கள்.

6. களத்தில் தயங்காதீர்கள்

நியாயமாக ஆடுவது என்றால் மெதுவாக ஆடுவது என்று சில பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். அது எதிரணிக்குச் செய்யும் மரியாதை அல்ல. விதிக்குள் நின்று முழு வேகத்தில் ஆடுங்கள். எதிர் ரோபோவின் பாதையை மறிப்பதும் தள்ளுவதும் பெரும்பாலான ஆண்டுகளின் ஆட்டத்தில் அனுமதிக்கப்பட்ட தடுப்பாட்டமே. பம்பர் அதற்குத்தான். ஆனால் அசையவிடாமல் சுவரோடு அமுக்கி வைப்பதற்கு நொடிக்கணக்கு உண்டு. எதிர் ரோபோவின் உள்ளே கை நீட்டிச் சேதம் செய்தால் தண்டனை உண்டு. பாதுகாப்பு வலயங்களில் தொடவே கூடாது. தடுப்பாட்டம் ஆடப்போகும் ஓட்டுநர் இந்த விதிகளை மனப்பாடமாகச் சொல்லவேண்டும். மஞ்சள் அட்டை எச்சரிக்கை, இரண்டாவது மஞ்சள் சிவப்பாகும். சிவப்பு என்றால் அந்த ஆட்டம் உங்களுக்கு இல்லை. இறுதிச் சுற்றில் சிவப்பு வாங்கினால் உங்கள் கூட்டணி முழுவதுமே அந்த ஆட்டத்தை இழக்கும்.

புதிய அணிக்கு வரும் சங்கடம் வேறு. பலமான கூட்டாளி ஒருவர் ஆட்டத்துக்கு முன் வந்து, “நீங்கள் மூலையில் நின்றால் போதும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்பார். கூட்டணி தனக்குள் வியூகம் வகுப்பது விதிக்கு உட்பட்டதுதான். ஆனால் உங்கள் பிள்ளைகள் பணமும் உறக்கமும் கொடுத்து வந்தது மூலையில் நிற்க அல்ல. “சரி” என்று தலையாட்டவும் வேண்டாம், சண்டை போடவும் வேண்டாம். எண்ணோடு போங்கள்: “கடந்த மூன்று ஆட்டத்தில் ஒவ்வொன்றிலும் நான்கு போட்டிருக்கிறோம். இந்தப் பக்கத்தை எங்களுக்கு விடுங்கள். கடைசி இருபது நொடியில் உங்கள் பாதையை விட்டு விலகிவிடுவோம்.” எண்ணைக் கேட்டால் நல்ல அணிகள் வியூகத்தை மாற்றும். அந்தப் பேச்சைப் பிள்ளைகளே பேசவேண்டும். ஓட்டுநர் குழுவின் பயிற்றுநர் இடத்தில் பெரியவர் நிற்க விதி இடம் தருகிறது, ஓட்டுபவர்கள் மாணவர்களாக இருக்கவேண்டும். எங்கள் அணியில் பயிற்றுநரும் மாணவர்தான். அதனால் சில ஆட்டங்களை இழந்திருக்கலாம். மாற்றும் எண்ணம் எங்களுக்கு இல்லை.

7. தீர்ப்பு பிழை என்று தோன்றினால்

தோன்றும். எல்லா அணிக்கும் தோன்றும். செய்யவேண்டியது இவ்வளவுதான்: ஆட்டம் முடிந்ததும் ஓட்டுநர் குழுவிலிருந்து ஒரு மாணவர், ஒருவர் மட்டும், களத்தருகே உள்ள கேள்விக் கட்டத்தில் போய் நிற்கவேண்டும். தலைமை நடுவர் வருவார். கையேட்டில் எந்த விதி என்று எண்ணைச் சொல்லி, நடந்ததைச் சொல்லி, எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்கவேண்டும். கைபேசியில் எடுத்த காணொளியைக் காட்ட முடியாது. எந்தக் காணொளியையும் படத்தையும் நடுவர் பார்க்க மாட்டார் என்று கையேடு தெளிவாகச் சொல்கிறது. நூற்றுக்கணக்கான கைபேசிகளில் யார் எடுத்ததை நம்புவது? ஒரு அணியிடம் உயரத்தில் மூன்று கமரா, இன்னொன்றிடம் ஒன்றுமில்லை என்றால் அதுவும் சமமில்லை. முதலில் எனக்கு இந்த விதி பிடிக்கவில்லை. இப்போது அது சரி என்றே நினைக்கிறேன். தலைமை நடுவர் சொன்னது இறுதி.

பெற்றோரே, நீங்கள் இருக்கையை விட்டு எழவேண்டாம். தன்னார்வலராக வந்து நிற்கும் அந்த நடுவரிடம் பெரியவர் ஒருவர் கத்துவதைப் பார்க்கும் பிள்ளை, தோல்வியை மறந்துவிடும், அந்தக் கத்தலை மறக்காது.

உண்மையான அநியாயம் நடந்த ஆண்டும் உண்டு. 2012இல் செயின்ட் லூயிஸில் உலகச் சாம்பியன்ஷிப்பின் இறுதிக் களத்தில் ரோபோக்கள் ஆட்டத்தின் நடுவே தொடர்பிழந்து நின்றன. ஃபர்ஸ்ட் அமைப்பு விசாரித்து விரிவான அறிக்கை வெளியிட்டது. தொழில்நுட்பக் குறைகளோடு, ஒருவர் கம்பியில்லா இணைப்பில் வேண்டுமென்றே குறுக்கிட்டதும் அதில் வெளிவந்தது. பருவம் முழுவதும் உழைத்த பிள்ளைகளுக்கு அது எத்தனை வலித்திருக்கும்! ஆனாலும் குறையைத் தேடிக் கண்டுபிடித்து, தங்கள் பக்கத் தவறுகளையும் சேர்த்து அமைப்பு வெளிப்படையாக எழுதியதைப் பிள்ளைகளிடம் நான் சொல்லுவேன். ரோபோ நின்றுபோனால் உடனே சதி என்று முடிவு கட்டாமல், முதலில் மின்கலத்தின் இணைப்பையும் ரேடியோவின் வயரையும் பார்க்கும் பழக்கத்தையும் அதோடு சொல்லுவேன். பத்தில் ஒன்பது தடவை அங்கேதான் பழுது இருக்கும்.

8. கூட்டணித் தெரிவு

தகுதிச் சுற்று முடிந்ததும் முதல் எட்டு அணிகள் இறுதிச் சுற்றுக் கூட்டணிகளின் தலைவர்கள். முதல் சுற்றில் ஒன்றிலிருந்து எட்டு வரை ஒவ்வொரு அணியாகத் தெரிவு செய்வார்கள், இரண்டாம் சுற்றில் எட்டிலிருந்து ஒன்றுக்குத் திரும்பி வருவார்கள். முதலிடத்துத் தலைவருக்கு முதல் தெரிவு, ஆனால் அவருடைய இரண்டாவது கூட்டாளி மண்டபத்தில் கடைசியாக, 24ஆவது இடத்தில், எஞ்சியவர்களிலிருந்து வருவார். பலமானவருக்கு எல்லாம் குவியாமல் இருக்க இந்தப் பாம்பு வரிசை. புதிய அணிக்கு இங்கேதான் கதவு திறக்கிறது. அந்த 24ஆவது இடத்துக்குத் தலைவர்கள் தேடுவது பெரிய ரோபோவை அல்ல, ஒவ்வொரு ஆட்டத்திலும் உயிரோடு ஓடி முடிக்கும் ரோபோவை, சொன்னதைச் செய்யும் ஓட்டுநரை.

ஆகவே எல்லா ஆட்டத்தையும் பார்த்துக் குறிப்பெடுங்கள். ஸ்கௌட்டிங் என்பார்கள். ஆறு பிள்ளைகள், ஆளுக்கு ஒரு ரோபோ, தாளில் எழுதினாலும் போதும். ‘தி புளூ அலையன்ஸ்’ தளத்தில் எல்லா ஆட்ட முடிவும் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. ஆனால் யார் எத்தனை போட்டார் என்று கண்ணால் பார்த்த கணக்குக்கு அது ஈடாகாது. வேறு அணி வந்து உங்கள் ரோபோவைப் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். ஏற முடியாத ரோபோவை ஏறும் என்று சொல்லித் தெரிவானால், மதியம் களத்தில் மூன்று அணியும் சேர்ந்து விழும்.

அழைப்பை மறுக்கலாம். ஆனால் மறுத்த அணியை வேறு யாரும் அழைக்க முடியாது, அது தலைவராக வரும் இடத்தில் இருந்தால் மட்டுமே தொடர்ந்து ஆடலாம். பதினான்காம் இடத்தில் நின்றுகொண்டு பிடிக்காத அணிக்கு மறுப்புச் சொன்னால் பெரும்பாலும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். மேடைக்குப் போகும் பிள்ளைக்கு இதை முதல் நாள் இரவே விளக்கிவிடுங்கள்.

தெரிவாகாவிட்டால் பிள்ளைகள் அழுவார்கள், அழவிடுங்கள். பிறகு இருக்கைக்குப் போய், உங்களோடு ஆடிய அணிகளுக்காகக் குரல் கொடுக்கச் சொல்லுங்கள். விருது வழங்கும் வரை இருங்கள். முதல் ஆண்டு அணிகளுக்கென்றே தனி விருதுகள் உண்டு. எல்லாவற்றிலும் உயர்ந்ததாகக் கருதப்படும் இம்பாக்ட் விருது, ஆட்டத்தில் வென்ற அணிக்கு அல்ல, தன் சமூகத்தில் மாற்றம் கொண்டுவந்த அணிக்குத்தான் போகிறது.

9. அடுத்த திங்கட்கிழமை

பட்டறையில் எல்லாரும் கூடுங்கள். கடன் வாங்கிய பாகங்களின் தாளை எடுத்து, திருப்பிக் கொடுக்காதது எது என்று பார்த்து, அன்றே பொதி கட்டுங்கள். உதவிய அணிகளுக்கு நன்றி எழுதும் வேலையை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுங்கள், அடுத்த ஆண்டு அந்த அணிகளோடு பழகப்போவது அவர்கள்தான். எந்த ஆட்டத்தில் எது உடைந்தது, யார் சரிசெய்தார் என்று சுற்றிக் கேட்டு எழுதுங்கள். யார் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை என்பதையும் குறித்து வையுங்கள். இரண்டாவது மாவட்டப் போட்டிக்கு இன்னும் சில வாரம் இருக்கும், அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க ஒரு வேலையும் பட்டறையில் இருக்கும்.